ஆன்காலஜியும் (புற்றுநோய் மருத்துவம்) ஆராய்ச்சியும் சேர்த்துச் செய்ய முடியுமா? சேலத்திலிருந்து ஒரு கேள்வி

கொலுசுப்பட்டறை:

எல்லாருக்கும் வணக்கம். சேலத்தில் சி.ஆர்.ஆர்.ஐ.யாக (எம்.பி.பி.எஸ். கடைசியில் வருகிற ஒரு வருஷப் பயிற்சி மருத்துவர்) இருக்கிறேன். முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. வீடு செவ்வாய்பேட்டை. அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான்.

போன மாதம் சர்ஜரி போஸ்டிங்கில் ஓ.பி.க்கு ஒருவர் வந்தார். அவரும் பட்டறைக்காரர் என்று கையைப் பார்த்ததுமே தெரிந்தது. விரல் நுனியெல்லாம் அப்பாவுக்கு இருப்பது போலவே கறுத்துத் தடித்திருந்தது. இடது கன்னத்தின் உள்பக்கம் புண், புகையிலை அடக்குகிற அதே இடம். வாயைத் திறக்கச் சொன்னால் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு மேல் திறக்க முடியவில்லை. பயாப்ஸி எடுத்து அனுப்பினோம். எட்டாவது நாள் ரிப்போர்ட் வந்தது: ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, அதாவது புற்று. அவர் வரவில்லை. மூன்று வாரமாக அந்தத் தாள் ஃபைலில் கிடக்கிறது. தினமும் அந்த அலமாரியைத் தாண்டித்தான் வார்டுக்குப் போகிறேன்.

அன்றிலிருந்து ஆன்காலஜிதான் என்று மனதில் விழுந்துவிட்டது. மருத்துவம் பார்ப்பதோடு ஆராய்ச்சியும் செய்ய வேண்டும் என்று ஆசை. ஆனால் ஆராய்ச்சி செய்கிற புற்றுநோய் மருத்துவர் யாரையும் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. எத்தனை வருஷம் ஆகும்? ஒரு நாள் எப்படிப் போகும்? முக்கியமாக, எதை ஆராய்வது என்று அவர்களுக்கு எப்படித் தெரிகிறது? லேபும் மைக்ராஸ்கோப்பும் உள்ள பெரிய இடத்துக்குப் போனால்தான் முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராசிபுரத்தான்:

தங்கச்சி, நான் டி.எம். மெடிக்கல் ஆன்காலஜி (மருந்தால் புற்றுக்குச் சிகிச்சை செய்கிற பிரிவு) இரண்டாம் வருஷம். வழியைச் சொல்லிவிடுகிறேன்.

எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. ஜெனரல் மெடிசின் மூன்று வருஷம், அப்புறம் டி.எம். மூன்று வருஷம். இரண்டுக்கும் தனித்தனி நுழைவுத் தேர்வு. முதலிலிருந்து கணக்குப் போட்டால் பதினொன்றரை வருஷம், அதுவும் இடையில் ஒரு வருஷம்கூடத் தவறாமல் இருந்தால். எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு நேராக எம்.டி. ரேடியேஷன் ஆன்காலஜி போகலாம். அது முடித்தவர்களும் டி.எம். எழுதலாம். அறுவை என்றால் எம்.எஸ்., பிறகு எம்.சி.ஹெச்.

நாள் எப்படிப் போகும் என்றால், காலை ஏழரைக்கு வார்டு. ஒன்பதுக்கு ஓ.பி., அது எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. நடுவில் டே கேரில் மருந்து ஏறிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்க வேண்டும். வாரம் ஒரு நாள் டியூமர் போர்டு. அறுவை, கதிரியக்கம், பேத்தாலஜி, ரேடியாலஜி எல்லாரும் உட்கார்ந்து ஒரு நோயாளிக்கு எது முதலில் என்று முடிவெடுப்பார்கள். தீசிஸ் வேலைக்கு மாலை ஆறுக்கு மேல்தான் நேரம். எதை ஆராய்வது என்பதை எங்கள் புரொபசர் சொன்னார், நான் செய்கிறேன். அதற்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை. பெரியவர்கள் யாராவது சொன்னால் நானும் கேட்டுக்கொள்கிறேன்.

நாகலூர்:

வாங்கம்மா. பெயரில் இருக்கும் நாகலூர் ஏற்காட்டு நாகலூர்தான். அப்பா காப்பி எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை. இருபத்தாறு வருஷம் மெடிக்கல் ஆன்காலஜியில் வைத்தியமும் வாத்தியார் வேலையுமாக இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு மலைக்கே திரும்பிவிட்டேன். வழியைத் தம்பி சரியாகச் சொல்லிவிட்டார். எதை ஆராய்வது என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1999 பிப்ரவரியில் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. கருப்பை வாய்ப் புற்றுக்குக் கதிரியக்கத்தோடு சிஸ்பிளாட்டின் ஊசியும் சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் பேர் பிழைக்கிறார்கள் என்று ஐந்து ஆய்வுகள் காட்டியிருந்தன. நாங்களும் ஆரம்பித்தோம். வாரம் ஒரு தடவை, ஒரு சதுர மீட்டர் உடல் பரப்புக்கு 40 மில்லிகிராம். ஆனால் எனக்குள் ஒரு உறுத்தல். அந்த ஆய்வுகளில் சேர்ந்த பெண்களும் எங்கள் ஓ.பி. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்களும் ஒன்றில்லை. இங்கே ஹீமோகுளோபின் எட்டு, எடை முப்பத்தெட்டு கிலோ. கட்டி சிறுநீர்க் குழாயை அழுத்திச் சிறுநீரகம் ஏற்கெனவே வீங்கியிருக்கும். சிஸ்பிளாட்டினோ சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து. இவர்களுக்கும் அதே பலன் கிடைக்குமா? இரண்டு வருஷக் கேஸ் ஷீட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

புற்றுநோயில் யார் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறார்கள் என்பதைக் காட்ட ஒரு வரைபடம் போடுவோம். காப்லான், மையர் என்ற இருவர் 1958-இல் எழுதிய முறை, இன்றைக்கும் அதுதான். கோடு படிக்கட்டு போல இறங்கும். ஒருவர் இறந்தால் ஒரு படி இறங்கும். பாதியில் வராமல் போனவருக்குப் படி கிடையாது, அவர் கடைசியாக வந்த நாளில் கோட்டின் மேல் ஒரு சின்னக் குச்சி மட்டும் போடுவோம். அந்த நாள்வரை உயிரோடு இருந்தார், அதற்கு மேல் கணக்கில் இல்லை என்று அர்த்தம். இதற்குள் ஒரு அனுமானம் இருக்கிறது, கவனியுங்கள். காணாமல் போனவரும் வந்துகொண்டிருப்பவரைப் போலவேதான் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும்.

நான் போட்ட கோடு அழகாக வந்தது. வெளிநாட்டு ஆய்வுகளுக்குப் பக்கத்தில் வைக்கலாம் போல இருந்தது. ஆனால் குச்சிகள் வேலி மாதிரி நெருக்கமாக நின்றன.

அதில் ஒரு குச்சி வெள்ளக்கடைக்காரர். என் ஊர்ப்பக்கம் என்பதால் பெயர் மனதில் நின்றது. 25 நாள் கரண்ட் (கதிரியக்கத்தை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்) வைக்க வேண்டியவர், 17-ஓடு நின்றுவிட்டார். கேஸ் ஷீட்டில் கடைசி வரி: 'நோயாளி வரவில்லை.' ஒரு சனிக்கிழமை ஆஸ்பத்திரி ஜீப்பிலேயே போனேன். அது நான் செய்த தவறு. ஜீப் போய் நின்றதும் எஸ்டேட் லைன் வீட்டு ஜனம் மொத்தமும் கூடிவிட்டது. அதுவரை வீட்டுக்குள் இருந்த விஷயம் ஒரே நிமிஷத்தில் ஊருக்கே தெரிந்துபோனது.

அவர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் உள்ளே போய் ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தார். ஓ.பி. சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள்கள், கரண்ட் அட்டை எல்லாவற்றையும் பாலித்தீன் உறையில் மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். அட்டையைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: அது டிசம்பர் மாதம், காப்பிப் பழம் பறிக்கிற நேரம், ஒரு நாள் விட்டால் கூலி போய்விடும், அப்படியும் வந்துகொண்டுதான் இருந்தோம். பதினெட்டாம் நாள் காலை வந்தபோது மிஷின் ரிப்பேர், நாளைக்கு வாங்க என்றார்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறித் திரும்பி வந்தோம். மறுநாள் போனால் அதே பதில். மூன்றாம் நாள் அவளால் பஸ்ஸில் உட்கார முடியவில்லை.

நோயாளி வரவில்லை என்று எழுதி வைத்திருந்தோம். அவர் வந்திருக்கிறார், இரண்டு நாள் திருப்பி அனுப்பியவர்கள் நாங்கள்.

கருப்பை வாய்ப் புற்றுக்குக் கதிரியக்கம் ஆரம்பித்தால் உள்ளே வைக்கிற கதிரியக்கமான பிரேக்கிதெரபியையும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். இழுக்க இழுக்கப் பலன் குறையும். இது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது, பரீட்சையில் எழுதி நானும் மார்க் வாங்கியிருக்கிறேன். மஞ்சள் பையைப் பார்த்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

அந்தக் கட்டுரையை அப்போது அனுப்பவில்லை. ஒவ்வொரு குச்சியாகத் தேடினேன். எத்திக்ஸ் கமிட்டியில் அனுமதி வாங்கி, ஒரு சமூகப் பணியாளரைச் சேர்த்துக்கொண்டு, ஜீப்பை விட்டுவிட்டு என் ஸ்கூட்டரில் போனேன். தேடிப் பிடித்தவர்களில் இறந்தவர்களைச் சேர்த்துக் கோட்டை மறுபடி போட்டபோது அது நன்றாகவே கீழே இறங்கியது. அழகான கோடு போனது, உண்மையான கோடு வந்தது. மிச்ச இருபது வருஷமும் என் ஆராய்ச்சி இதுதான்: சிகிச்சையை யார் பாதியில் விடுகிறார்கள், ஏன், நாம் எதை மாற்றினால் விடமாட்டார்கள்.

லேப் எதுவும் கிடையாது. கேஸ் ஷீட், போன், ஒரு நோட்டு. மலைக்காரர்களுக்கு எட்டு மணி அப்பாயின்ட்மென்ட்டைப் பதினொன்றுக்கு மாற்றியதும், மிஷின் நின்றால் முதல் நாள் மாலையே போன் போட ஒருவரை நியமித்ததும் இதிலிருந்து வந்தவை. இதை உலகத்தில் வேறு பலரும் ஆராய்கிறார்கள். குழந்தைப் புற்றுநோயில், குணமாக்கும் சிகிச்சையைத் தொடர்ந்து நான்கு வாரமோ அதற்கு மேலோ தவறவிட்டால் 'கைவிட்டதாக' எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2011-இல் ஒரு பொது வரையறையே வந்தது. எங்கேயும் ஒரே அளவுகோல் இருந்தால்தானே ஒப்பிட முடியும்.

நம் நாட்டில் நடந்த நல்ல ஆய்வுகள் பலவும் இப்படி ஓ.பி. பெஞ்சிலிருந்து வந்தவைதான் என்பது என் எண்ணம். திண்டுக்கல்லில் நடந்த கருப்பை வாய்ப் புற்று ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்தில் கதிரியக்க மருத்துவராக இருந்து, லியானில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமைக்குப் போன ஆர். சங்கரநாராயணன் முன்னின்று நடத்தியது. பயிற்சி பெற்ற நர்ஸ், கருப்பை வாயில் அசெட்டிக் அமிலம் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, வெள்ளையாக மாறுகிறதா என்று பார்ப்பார். அவ்வளவுதான் சோதனை. சோதனைக்கு அழைத்த ஊர்களில் 49,311 பெண்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் இருந்த ஊர்களில் 30,958 பெண்கள். ஏழு வருஷத்தில் சோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றால் இறப்பது 35 சதவீதம் குறைந்திருந்தது. 2007-இல் லான்செட்டில் வந்தது.

உங்கள் பட்டறைக்காரருக்கு நெருக்கமான ஆய்வு ஒன்றும் சொல்கிறேன். குணமாக்க முடியாத நிலைக்குப் போன தலை, கழுத்துப் புற்றுக்கு மும்பை டாட்டா மெமோரியலில் 422 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு மூன்று வாரத்துக்கு ஒரு சிஸ்பிளாட்டின் ஊசி. மீதிப் பேருக்கு வாரம் ஒரு தடவை மெதோட்ரெக்சேட் மாத்திரை, தினமும் செலிகாக்சிப், இரண்டும் வீட்டிலேயே விழுங்குவது. ஊசி போட்டவர்களுக்கு இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 6.1 மாதம், மாத்திரைக்காரர்களுக்கு 7.5. கடுமையான பக்கவிளைவும் மாத்திரையில் குறைவு. வித்தியாசம் ஒன்றரை மாதம்தானே என்று தோன்றலாம். படுக்கை தேடாமல், பஸ் ஏறாமல், வீட்டில் இருந்தபடி கிடைத்த ஒன்றரை மாதம் அது. அதே குழுவினர் பிறகு நிவோலுமாப் என்ற விலை அதிகமான மருந்தை மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம் என்று மாத்திரைகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு வருஷம் உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆனார்கள். வழக்கமான அளவு மூன்று வாரத்துக்கு 360 மில்லிகிராம் வரை போகும். முழு அளவை வாங்க முடியாதவர்களைத் தினமும் பார்க்கிறவருக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும்.

லேப் ஆராய்ச்சியைக் குறைத்துச் சொல்லவில்லை. மெதோட்ரெக்சேட் பிறந்ததே லேபில்தான், அதன் பின்னால் நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த எல்லாப்ரகத சுப்பாராவ் இருக்கிறார். உங்களுக்குச் செல்லும் ஜீனும் பிடித்தால் தாராளமாகப் போங்கள். லேப் இல்லாததால் ஆராய்ச்சி இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கஷ்டமும் இருக்கிறது. ஓ.பி. முடித்து வீட்டுக்கு வந்து இரவில் எழுத வேண்டும். அனுப்பிய கட்டுரை திரும்பி வரும். என்னோடு படித்தவர்கள் தனியாரில் சம்பாதித்த அளவுக்கு நான் சம்பாதிக்கவில்லை. என் மகள் பத்தாவது படித்த வருஷம் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்ட இரவுகள் குறைவு, அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

ஒன்று கேட்கிறேன். அந்தப் பட்டறைக்காரருக்கு யாராவது போன் செய்தார்களா?

பதிவேடு:

நான் டாக்டர் இல்லைங்க. ஒரு மருத்துவமனையில் புற்றுநோய்ப் பதிவேட்டு வேலை, பன்னிரண்டு வருஷமாக. சார் சொன்ன குச்சியை எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தில் 1982 ஜனவரியிலிருந்து தரவு சேர்க்கிறார்கள். ஒரு பகுதியில் வசிக்கிற எல்லாருடைய புற்றையும் பதிகிற மக்கள்தொகைப் பதிவேடு முதலில் தொடங்கிய மூன்று ஊர்களில் சென்னையும் ஒன்று. ஒவ்வொரு கட்டிக்கும் உடலில் எந்த இடம், எந்த வகை என்று குறியீடு போடுவோம். கருப்பை வாய் என்றால் சி 53, மார்பு என்றால் சி 50. குறியீடு போடுவது சுலபம். ஆளைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. ஒரே பெண் ஒரு சீட்டில் லட்சுமி, இன்னொன்றில் லஷ்மி, ஸ்கேன் ரிப்போர்ட்டில் மகாலட்சுமி. முகவரி 'ஏற்காடு' என்று மட்டும் இருக்கும். ஏற்காட்டில் எத்தனை ஊர் இருக்கிறது! இறப்புப் பதிவோடு ஒப்பிட உட்கார்ந்தால் கணவர் பெயர் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது.

அதனால் சி.ஆர்.ஆர்.ஐ. பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். கேஸ் ஷீட் எழுதும்போது ஊர், தெரு, கணவர் அல்லது அப்பா பெயர், இரண்டு போன் நம்பர் எழுதுங்கள். இரண்டாவது நம்பர் பக்கத்துக் கடையோ மகளோ யாராக இருந்தாலும் சரி, அது யாருடையது என்றும் எழுதுங்கள். ஒரு நிமிஷம்தான் ஆகும். அந்த ஒரு நிமிஷம் இல்லாமல் நாங்கள் விட்ட ஆட்கள் அதிகம்.

கொலுசுப்பட்டறை:

சார், படித்துவிட்டு இன்று மதியம் ஃபைலை எடுத்தேன். ஒரே ஒரு நம்பர். ஸ்விட்ச் ஆஃப். யாரும் கூப்பிட்டதாக எங்கேயும் எழுதவில்லை. தெருப் பெயர் இருக்கிறது, எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். அப்பாவிடம் சொன்னால் பட்டறை வட்டாரத்தில் விசாரித்துவிடுவார். கேட்கச் சொல்லவா?

நாகலூர்:

அப்பாவிடம் நோயைச் சொல்லாதீர்கள். பட்டறையில் விசாரித்தால் மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும், நாளையிலிருந்து அவருக்கு வேலை கொடுக்க யோசிப்பார்கள். முதலில் உங்கள் யூனிட் சீஃபிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள். மருத்துவமனைச் சமூகப் பணியாளர் இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் வேண்டாம். வீட்டில் வேறு யாராவது கதவைத் திறந்தால் 'ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு வாங்காமல் விட்டுவிட்டார், அதைக் கொடுக்க வந்தோம்' என்று சொன்னால் போதும். ரிப்போர்ட்டை அவரிடம் மட்டும், உட்கார வைத்துச் சொல்லுங்கள். ஏன் வரவில்லை என்று அதட்டிக் கேட்காதீர்கள். வருவதற்கு என்ன தடையாக இருந்தது என்று கேளுங்கள். சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள்.

முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அதற்கான தாள்களை அன்றே ஆரம்பித்துவிடலாம்.

கொலுசுப்பட்டறை:

சார், சீஃப் உடனே சரி என்றார். சமூகப் பணியாளர் அக்காவோடு இன்று மாலை போனேன். வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா மகள் நம்பர் கொடுத்தார். அவர் ராசிபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். போனில் பேசினேன். புண் ஆறிவிடும் என்று நாட்டு மருந்து வைத்துக்கொண்டிருக்கிறாராம். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்தேன்: 'சதை எடுத்தப்பவே முடிஞ்சதுன்னு நெனச்சேன் பாப்பா, திரும்பி வரணும்னு யாரும் சொல்லல.' பயாப்ஸி எடுத்த அன்று சீட்டை எழுதிக் கொடுத்தது நான்தான். எட்டு நாள் கழித்து வாங்க என்று எழுதினேன், வாயால் சொன்னேனா என்று எனக்கு நினைவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. போனில் ரிப்போர்ட்டைச் சொல்லவில்லை, நேரில் பேச வேண்டும் என்று மட்டும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை மகளோடு வருகிறேன் என்றார்.

நாகலூர்:

நல்லதும்மா. திங்கள் சாயங்காலம் மகளுக்கு ஒரு போன் போட்டு எந்த பஸ்ஸில் வருகிறார்கள் என்று கேளுங்கள். ஓ.பி. வாசலில் நீங்களே நில்லுங்கள், வரிசையில் விட்டால் பாதியில் கிளம்பிவிடுவார். அன்றே டியூமர் போர்டுக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள். செவ்வாய் வரவில்லையென்றால் புதன் காலை மறுபடி கூப்பிடுங்கள்.